அமுக்கக் கூடாத போர்வை

என் கணவர் கையில் எதைக் கொடுத்தாலும் அது சின்னதாகிவிடும். வீடு மாற்றிப் போகிறவர்களுக்குச் சாமான் கட்டிக் கொடுக்கும் கம்பெனியில் அவர் தலைமைக் கட்டுக்காரர். ஒரு குடும்பத்தின் மொத்த வீட்டையும் ஒரே லாரிக்குள் அடக்கிவிட்டு, கடைசியில் டிரைவர் காலடியில் ஒரு பூந்தொட்டிக்கும் இடம் கண்டுபிடிப்பார். கம்பெனியில் எல்லோரும் அவரை 'கட்டு மாஸ்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்டி கட்டியதும் மேலே ஒரு சீட்டு ஒட்டுவார். 'உடனே தேவை', 'பிறகு தேவை', 'கவனம், உடையும்'. கல்யாணமான புதிதில் நாங்கள் வீடு மாறியபோது என் துணிப் பெட்டியில் 'கவனம், உடையும்' என்று ஒட்டினார். உள்ளே வெறும் துணிதானே இருக்கிறது என்றேன். பெட்டிக்குச் சொந்தக்காரியைச் சொன்னேன் என்றார். அன்றைக்கு விழுந்தவள்தான் நான்.

போன குளிர்காலத்தில் அவருக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர் ஆளே சின்னதாகிப் போயிருந்தார். உடம்பைச் சொல்லவில்லை, அது கொஞ்ச நாளில் தேறிவிட்டது. பேச்சு சுருங்கிவிட்டது. சாப்பாட்டில் உப்பில்லை என்று சண்டை போடுகிறவர், உப்பில்லாததைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். ராத்திரி இருமினால் என் தூக்கம் கெடும் என்று ஹாலில் ஒரு ஒற்றைக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். இருமல் குறைந்த பிறகும் அந்தக் கட்டில் அங்கேயே கிடந்தது. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

அவருக்கு ஒரு பைத்தியம் உண்டு, மலை. வருஷம் தவறாமல் முதுகில் பையை மாட்டிக்கொண்டு போய், உச்சியில் இருக்கும் ஏரிக்கரையில் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வருவார். நான் ஒரு தடவைகூடப் போனதில்லை. எனக்கு மாடிப்படியே மலை. ஆனால் மலையிலிருந்து வந்தவர் வாரக்கணக்கில் என்னைச் சிரிக்க வைத்துக்கொண்டே இருப்பார். அதனால் போகட்டும் என்று விட்டிருந்தேன். இப்போது மலைப் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். நான் கீழே நின்று பார்த்தேன். அதில் சீட்டுகூட ஒட்டவில்லை.

டாக்டரிடம் நானே கேட்டேன். "தாராளமாப் போகலாம். தனியாப் போக வேண்டாம், பாரம் தூக்க வேண்டாம், குளிர்ல படுக்க வேண்டாம்" என்றார். வெளியூரில் இருக்கும் எங்கள் மகள் போனில் குதித்தாள். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? சரி, போய்த் தொலைங்க. ஆனா அங்க அப்பா ஒரு ராத்திரி இருமினாருன்னு தெரிஞ்சுது, அதோட மலை முடிஞ்சுது. நான் வந்து அந்தப் பையையே எரிச்சுடுவேன்." அவள் சொன்னால் செய்வாள். என் வயிற்றில் பிறந்தவள்தானே.

ஆக, ஒரே ஒரு வாய்ப்பு. தனியாகப் போகக் கூடாது என்றால் நான் போக வேண்டும். குளிரக் கூடாது, கனக்கவும் கூடாது என்றால் அதற்கு ஏற்ற போர்வை வேண்டும். அவருடைய பழைய போர்வை இறகு அடைத்தது. லேசுதான், கதகதப்புதான், ஆனால் தையல் வழியே பொடி இறகு பறந்து அவர் மூக்கில் ஏறும். கூடாரத்துக்குள் மூச்சுக்காற்று பட்டு நனைந்துவிட்டால் உருண்டையாகச் சுருண்டு ஒன்றுக்கும் உதவாது. கடையில் விற்கும் நல்ல போர்வைகள் எனக்குப் பிடிக்கவில்லை. திரைச்சீலைக் கடையில் பகல் முழுவதும் தைக்கிறவள் இன்னொருத்தர் தைத்த போர்வையை வாங்குவதா? நானே தைப்பது என்று முடிவு செய்தேன். இறகு வேண்டாம், செயற்கைப் பஞ்சு.

பஞ்சுக் கடைக்காரர் மூன்று ரகம் காட்டினார். முதலாவது, தலையணைக்குள் அடைக்கும் உதிரிப் பஞ்சு. அதை நெருக்கமாகக் கட்டம் கட்டமாகத் தைக்காவிட்டால் ஒரு மூலையில் போய்க் கும்பலாக உட்கார்ந்துகொள்ளும். நெருக்கமாகத் தைத்தாலோ தையல் விழுந்த இடமெல்லாம் துணியோடு துணி ஒட்டி, அந்தக் கோடு வழியே குளிர் உள்ளே வரும். இரண்டாவது, தாள் மாதிரி விரிப்பாக வரும் மென்மையான பஞ்சு. பட்டுப் போல இருந்தது, கைக்குட்டை அளவுக்கு மடிந்தது. ஆனால் லேசாக இழுத்தால் பிய்ந்து வந்தது. மூன்றாவதும் விரிப்புதான், ஆனால் நீள நீளமான இழைகளால் ஆனது. தொட்டால் கொஞ்சம் முரடு. இழுத்தேன், பிய்யவில்லை. கசக்கி விட்டேன், துள்ளிக்கொண்டு எழுந்தது. ஓரத்தை மட்டும் தைத்தால் போதும், நடுவில் ஊசியே போட வேண்டாம் என்றார்.

மூன்றிலும் ஒரு துண்டு வாங்கி வந்து வீட்டில் பாடாய்ப்படுத்தினேன். தண்ணீரில் முக்கிப் பிழிந்து, இன்னும் ஈரமாக இருக்கும்போதே உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு குளிர்ந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துப் பார்த்தேன். என் கணவர் ஹால் கட்டிலில் உட்கார்ந்தபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து வந்தார். துண்டுகளை ஒவ்வொன்றாகச் சுருட்டி, கைக்குள் அமுக்கி, அளவு பார்த்தார்.

"ரெண்டாவதை எடு" என்றார்.

"ஏன்?"

"சின்னதா மடியுது பார். மூணாவது முரட்டுப் பய. பையில பாதி இடத்தைப் பிடிச்சுக்குவான்."

"பையா படுக்கப் போகுது? நீங்கதானே படுக்கப் போறீங்க. உப்பல் இருந்தாத்தான் சூடு. சின்னதா மடியுறதுக்காகக் குளிர்ல நடுங்குவீங்களா?"

"கட்டுறவன் நான். கட்டுற கஷ்டம் எனக்குத்தானே தெரியும்."

"தைக்கிறவ நான். வாயை மூடிக்கிட்டுப் போங்க."

எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவர் என்னோடு சண்டை போட்டார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவதையே வாங்கினேன்.

அடுத்த சண்டை, ஒன்றா இரண்டா என்பதில் வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து அகலமாக ஒரே போர்வையாகத் தைத்தால் துணியும் மிச்சம், எடையும் மிச்சம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் இருமினா நீ முழிச்சுக்குவே. தனித்தனியாவே தை." ஹால் கட்டில் மலைக்கும் வரப்போகிறது என்று புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாகவே வெட்டினேன். என்னுடையதை மட்டும் கொஞ்சம் தாராளமாக வெட்டினேன். விரித்துப் பார்த்தவர், "இது போர்வையா, இன்னொரு கூடாரமா?" என்றார். என் அகலத்தைக் கிண்டல் செய்வதும் பழைய பழக்கம்தான். அது திரும்பி வந்ததில் எனக்கு வருத்தமில்லை.

தைப்பது சுலபம், தைக்காமல் விடுவதுதான் கஷ்டம். மேலே ஒரு நைலான் துணி, கீழே ஒரு நைலான் துணி, நடுவே இரண்டு அடுக்கு பஞ்சு, சுற்றிலும் ஒரு தையல், அவ்வளவுதான். காலமெல்லாம் மடிப்பு மடிப்பாகத் தைத்தே பழகிய கை, நடுவில் ஒரு கோடாவது ஓட்டலாமே என்று துடித்தது. தையல் மெஷின் மிதியிலிருந்து காலை எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டேன். மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டு அவருக்கு ஒரு கையில்லாத மேல்சட்டை தைத்தேன். போட்டுப் பார்த்தவர் அதைக் கழற்றவே இல்லை. காய்கறி வாங்கவும் அதோடுதான் போனார்.

போர்வையைச் சோதித்துப் பார்க்காமல் மலையேற எனக்குத் தைரியம் வரவில்லை. என் தம்பி காய்கறிக் குளிர்க்கிடங்கில் சூப்பர்வைசர். அவனிடம் கேட்டேன். "அக்கா, இங்க கேரட்தான் படுக்கும், மனுஷங்க படுக்க மாட்டாங்க" என்றான். கடைசியில் மதிய இடைவேளையில் வரச் சொன்னான். முதலில் நான் படுத்துப் பார்த்தேன். எனக்கு மின்விசிறி சுற்றினாலே குளிரும். கிடங்கின் குளிரில் கன்னம் விறைத்தது, போர்வைக்குள்ளே கால் விரல்கூடச் சில்லிடவில்லை. என் கணவர் சும்மா இருப்பாரா? "தள்ளு, நானும் பார்க்கிறேன்" என்று தன் போர்வையோடு கேரட் பெட்டிகளுக்கு நடுவே படுத்தவர், கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனார். கிடங்கில் வேலை செய்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தான், எழுந்திரிங்க. உங்களையும் சேர்த்து மார்க்கெட்டுக்கு ஏத்திடுவாங்க" என்று தம்பி தட்டி எழுப்பினான்.

எழுந்தவர் முகத்தில் வேர்வை. இருமவில்லை. டாக்டரிடம் மட்டும் இதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து மலைப் பை இறங்கியது.

பஞ்சுக் கடைக்காரர் ஒரு எச்சரிக்கை சொல்லியிருந்தார். நடக்கிற நேரத்துக்கு மட்டும் அமுக்கிக்கொள்ளலாம், வீட்டில் அமுக்கி வைக்கக் கூடாது. செயற்கைப் பஞ்சு நாள்பட அமுங்கினால் இழை செத்துப்போகும், திரும்ப உப்பாது. இதை நான் அவரிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்கிற எல்லாவற்றுக்கும் அப்படித்தான் ஆட்டுகிறார். என்னுடையதை அலமாரிக் கம்பியில் தொங்கவிட்டேன். அவருடையதை அவர் பொறுப்பில் விட்டேன். கம்பெனியில் லீவு கிடைக்க ஒரு மாசத்துக்கு மேல் ஆனது.

பாரத்தை இரண்டு பைகளாகப் பிரித்துக்கொண்டு மலைக்குப் போனோம். நான் மூச்சு வாங்கி நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, ஷூ கயிறு கட்டுவது போல ஒவ்வொரு தடவையும் குனிந்தார். வெயில் சாய்வதற்குள் ஏரிக்கரைக்கு வந்துவிட்டோம். அவர் ஏரியைப் பார்த்தபடி மேல்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றார். முதுகு நிமிர்ந்திருந்தது. நான் ஏரியைப் பார்க்கவில்லை, அந்த முதுகைத்தான் பார்த்தேன்.

கூடாரம் போட்டதும் போர்வைகளை எடுத்தேன். என்னுடையது புல்லில் விழுந்ததும் சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்தது. அவருடையது ஒரு சின்ன தண்ணீர்க் குப்பி அளவுக்கு இருந்தது. மூன்று பக்கமும் வார் போட்டு இறுக்கியிருந்தார். அவிழ்த்தேன். விரிந்ததே தவிர எழவில்லை. உதறினேன். தட்டினேன். மிச்சமிருந்த வெயிலில் போட்டு வைத்துப் பார்த்தேன். படுக்கை விரிப்பு மாதிரி தட்டையாகவே கிடந்தது.

"எப்பக் கட்டினீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "கிடங்குல இருந்து வந்த அன்னிக்கே."

"அன்னிலேர்ந்து இப்படியேவா வச்சிருந்தீங்க?"

"கம்பெனிக்குக் கொண்டுபோய்க் காட்டினேன். முழுப் போர்வைன்னு யாருமே நம்பல. பந்தயம் வேற கட்டினாங்க." அதைச் சொல்லும்போதுகூட அவர் குரலில் ஓரமாய் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் கத்தினேன். மலை அதிரக் கத்தினேன். அமுக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா, தலையை ஆட்டினீங்களே, அந்தத் தலைக்குள்ள என்னதான் இருக்கு, பஞ்சா, அதையும் அமுக்கி வச்சிருக்கீங்களா என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். கரையில் நின்றிருந்த ஏதோ பறவை எழுந்து அக்கரைக்குப் போய்விட்டது. அவர் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"சரி விடு. இறங்கிடலாம்" என்றார் மெதுவாக. "இன்னும் வெளிச்சம் இருக்கு. பாதி வழியில தங்குற விடுதி இருக்குல்ல. ஏரியைப் பார்த்தாச்சு, அது போதும் எனக்கு."

அது உப்பில்லாததைப் பேசாமல் சாப்பிட்ட குரல், ஹால் கட்டிலின் குரல். அதைக் கேட்டதும் என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. பயம்தான் வந்தது. இப்போது இறங்கினால் பை மறுபடியும் பரணுக்குப் போகும். இந்தத் தடவை இவரும் அதோடு ஏறிப் படுத்துக்கொள்வார். நான் இத்தனை தூரம் மூச்சிரைக்க ஏறி வந்தது இந்த ஏரிக்காக இல்லை. என்னோடு சண்டை போடுகிற அந்த மனிதரைத் திரும்பக் கூட்டிப் போகத்தான்.

"ஒண்ணும் இறங்க வேண்டாம். வந்து இந்த ஓரத்தைப் பிடிங்க" என்றேன்.

சட்டைக் காலரின் உள்பக்கம் எப்போதும் ஒரு ஊசி குத்தி வைத்திருப்பேன், தையல்காரிகளின் பழக்கம். பையில் திரைச்சீலை தைக்கும் கெட்டி நூல் இருந்தது. என் அகலமான போர்வையை விரித்து, அதன் மேல் அவருடைய தட்டைப் போர்வையைப் போட்டேன். பஞ்சில் ஊசி படாமல், நீள ஓரங்களை மட்டும் சேர்த்துப் பெரிது பெரிதாக ஓட்டுத் தையல் போட ஆரம்பித்தேன். திரைச்சீலையை மெஷினில் தைப்பதற்கு முன் தற்காலிகமாகப் பிடித்து வைப்போமே, அந்தத் தையல்.

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. "ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ளயா? வேண்டாம்மா. நான் இருமினா உன் தூக்கம்..."

"என் தூக்கமா?" ஊசியை நிறுத்தினேன். "ஹால்ல படுத்தா எனக்குக் கேக்காதுன்னு நினைச்சீங்களா? ஒவ்வொரு இருமலும் கேக்குது. இருமாட்டி இன்னும் மோசம். மூச்சு வருதான்னு எழுந்து வந்து கதவுகிட்ட நின்னு பார்த்துட்டுப் போறேன். தினமும். உங்களுக்கு எங்க தெரியும், நீங்கதான் தூங்கிக்கிட்டிருப்பீங்களே. பக்கத்துல படுத்தா நான் எழுந்து நிக்க வேண்டாம், கையை நீட்டினாப் போதும். எனக்குத் தூக்கம் வேணும்னா நீங்க பக்கத்துல வேணும். இதைச் சொல்ல வைக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

என் கண்ணில் நீர் நிறைந்து தையல் கோணலாகப் போயிற்று. கோணலான இடத்தில் அவர் துணியை இழுத்து நேராகப் பிடித்தார். தைத்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டே இருந்தார்.

இரண்டு அடுக்கையும் சேர்த்து மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தோம். வழக்கம் போல என் கால் ஐஸ் மாதிரி இருந்தது. அதை அவர் முழங்காலில் வைத்ததும், "அம்மாடி, குளிர்க்கிடங்கே உள்ள வந்துடுச்சு" என்று அலறினார். அதன் பிறகு எனக்கு எதுவும் ஞாபகமில்லை. விழித்துக் கொண்டிருந்து இருமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்று நினைத்தவள், ஒரு தடவைகூட விழிக்கவில்லை.

கண் திறந்தபோது நன்றாக விடிந்திருந்தது. மேல் போர்வை எங்கள் மூச்சு பட்டும் பனி பட்டும் நனைந்திருந்தது. அதற்கு அடியில் இருந்த என் போர்வையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்தே இருந்தது. அவர் பக்கத்தில் இல்லை. வெளியே அடுப்பு மூட்டும் சத்தம், அதற்கு மேலே அவர் குரல். "ஏய், எழுந்திரு! மலை முழுசும் ஏரிக்குள்ள தலைகீழா நிக்குது. டீயில சர்க்கரை போட்டுட்டேன், குறைன்னு சொன்னா, நீயே ஏரித் தண்ணிய எடுத்து டீ போட்டுக்க." மேல்சட்டைப் பித்தானை ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டிருந்தார். அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டேன். கேட்பார் யார்?

கீழே இறங்கி சிக்னல் கிடைத்ததும் மகள் கூப்பிட்டாள். "அப்பா இருமினாரா? பொய் சொல்லாதே."

"எனக்கென்ன தெரியும்? நான் தூங்கிட்டேன்" என்றேன். "நீ தூங்கினியா?" என்றாள். "தூங்கினேன்டி." போனை வைத்துவிட்டாள். பையை எரிப்பது பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை.

ஊருக்கு வந்த பிறகு எனக்கு ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. செத்துப்போன பஞ்சை உயிர்ப்பிக்க முடியாது, அவருக்குப் புதிதாக ஒரு போர்வை தைக்க வேண்டும். எந்தத் தையல்காரியும் ஓட்டுத் தையலை அப்படியே விட்டுவைக்க மாட்டாள். அதையும் பிரித்து, என்னுடையதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். சனிக்கிழமை வேலை முடிந்ததும் பஞ்சுக் கடைக்குப் போய், அதே முரட்டு ரகத்தில் ஒரு சுருள் வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ஹாலுக்குள் நுழைந்தவள் நின்றுவிட்டேன். சுவரோரம் காலியாக இருந்தது. ஒற்றைக் கட்டிலைக் கழற்றி, கால்களைத் தனியே பழைய பேப்பரில் சுற்றி, சட்டங்களை அடுக்கி, கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அந்தக் கட்டில் மொத்தமும் ஒரு பாய்ச் சுருளின் தடிமனுக்கு வந்திருந்தது. அதன் மேல் கம்பெனிச் சீட்டு. நான் இதுவரை அவர் எழுதிப் பார்த்திராத வார்த்தைகள், 'இனித் தேவையில்லை'.

உள்ளே எங்கள் பெரிய கட்டிலில் மலைப் போர்வை விரிந்து கிடந்தது. ஓட்டுத் தையலும் கோணலும் அப்படியே இருந்தன. யாரும் அமுக்கவில்லை.

அவர் கை துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தார். என் கக்கத்திலிருந்த சுருளைப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"உங்களுக்குத் தனியா ஒரு போர்வை..." என்று ஆரம்பித்தேன்.

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தார். பேனாவைத் தேடி, கட்டில் சீட்டில் இருந்ததையே இன்னொரு சீட்டிலும் எழுதினார். நாக்கால் ஈரப்படுத்தி, என் கையிலிருந்த பஞ்சுச் சுருளின் மேல் ஒட்டினார்.